அருவிக்குப் போகும்போது கார் சாவி எங்கே இருக்கிறது?

செங்கோட்டையில் கார் ஒயரிங் கடை வைத்திருக்கிறேன். அலாரம், ஜிபிஎஸ், கியர் லாக் என்று கேட்டு வருகிறவர்களிடம், வேலையைத் தொடங்கும் முன் இரண்டு கேள்விகள் கேட்பது என் வழக்கம். இந்தக் காருக்கு மொத்தம் எத்தனை சாவி? இந்த நிமிடம் அவை ஒவ்வொன்றும் எங்கே இருக்கின்றன? முதல் கேள்விக்குப் பதில் உடனே வந்துவிடும். இரண்டாவதற்கு வராது. "பீரோவில் இருக்கும் அண்ணாச்சி" என்பார் ஒருவர். "மச்சான் ஒருமுறை வாங்கிக்கொண்டு போனார்" என்பார் இன்னொருவர். "பழைய கார்தானே, வாங்கும்போதே ஒரு சாவிதான் கொடுத்தார்கள்" என்கிறவர்களை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை. இதற்குத் தெளிவான பதில் இல்லாத காரில் எவ்வளவு விலை கொடுத்துக் கருவி பொருத்தினாலும் காசு வீண். கார் திருட்டானாலும் சரி, காருக்குள் இருக்கும் பொருள் திருட்டானாலும் சரி, நான் சாவியிலிருந்துதான் பேசத் தொடங்குவேன்.

எங்கள் ஊர் அமைந்திருக்கும் இடம் அப்படி. திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாக வந்து, புளியரையில் மலை ஏறி, கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று இறங்குகிறது. ஆனி, ஆடியில் சாரல் விழுந்தால் குற்றாலத்துக்குக் கூட்டம். கார்த்திகை பிறந்தால் தை வரைக்கும் மாலை போட்டவர்களின் கூட்டம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. அன்றைய எல்லை பிரானூரில். எல்லை மலைக்குப் போய் இத்தனை காலமாகியும் அந்த இடம் இன்னும் பிரானூர் பார்டர்தான். பரோட்டாவுக்காக அங்கே நிற்காத வெளியூர் வண்டி குறைவு. மலைக்கு அந்தப் பக்கம் பாலருவி.

இவ்வளவு வண்டிகள் வந்து போகிற இடத்தில் ஒரு பாதுகாப்பு இல்லாமல் போகிறது. சின்ன ஊரில் புது ஆள் ஒருவர் ஒரு காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தால், யாராவது ஒருவர் "யாரைத் தேடுகிறீர்கள்?" என்று கேட்டுவிடுவார். ஐந்தருவி வண்டி நிறுத்தத்தில் எல்லோருமே புது ஆட்கள். தமிழ்நாட்டு எண்ணும் கேரள எண்ணும் கலந்து நிற்கின்றன. எந்தக் கதவை யார் திறந்தாலும் அது அவருடைய கார் என்றுதான் பக்கத்தில் இருப்பவர் நினைப்பார்.

இப்போது குளிக்க வருகிறவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். உடுப்பைக் களைந்துவிட்டுத் துண்டோடு அருவிக்குப் போக வேண்டும். கையில் ரிமோட் சாவி. அதற்குள் பட்டன் பேட்டரியும் சிறிய சர்க்யூட் பலகையும் இருக்கின்றன. தண்ணீர் புகுந்தால் கெட்டுவிடும். சீசன் நாட்களில் நனைந்த ரிமோட்டோடு யாராவது என் கடைக்கு வராத நாள் இல்லை. ஆகவே, சாவியை எங்காவது வைத்தாக வேண்டும் என்ற கட்டாயம். முன் டயரின் மேல் வைக்கிறார்கள். பம்பரின் உட்புறம், வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளம், சைலன்சர் குழாய் என்று இடம் கண்டுபிடிக்கிறார்கள். இவை எதுவும் இரகசியம் இல்லை. திருட வந்தவன் தேடுவதுகூட இல்லை. தூரத்தில் நின்று நீங்கள் குனிவதைப் பார்த்தால் போதும். பூட்டிய காரின் டயர் பக்கம் ஒருவர் குனிந்து நிமிர்ந்தால் அதற்கு வேறு காரணம் கிடையாது.

அவன் காரை எடுத்துக்கொண்டு போவதும் இல்லை. சாவியால் கதவைத் திறந்து, பைகளில் இருக்கும் பணத்தையும் நகையையும் மட்டும் எடுத்து, பையை இருந்தபடியே மூடி வைத்து, காரைப் பூட்டி, சாவியை டயர் மேலேயே திரும்ப வைத்துவிடுகிறான். ஈரத் தலையோடு திரும்பி வருகிறவருக்கு எந்த மாற்றமும் தெரியாது. சிவகாசிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று அப்படித்தான் குளித்து, பார்டரில் சாப்பிட்டு, ராஜபாளையம் வரை போயிருக்கிறார்கள். அங்கே ஏதோ வாங்க இறங்கிப் பர்ஸைத் திறந்தபோதுதான் கழற்றி வைத்த சங்கிலியும் வளையலும் இல்லாதது தெரிந்தது. மறுநாள் என் கடைக்கு வந்தார்கள். பூட்டை யாராவது நெம்பியிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்பது அவர்கள் கேள்வி. நான்கு கதவின் பூட்டையும் விளக்கு அடித்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. "பூட்டு நன்றாகத்தானே இருக்கிறது அண்ணாச்சி, அப்படியானால் நகை எங்கே போயிருக்கும்?" என்று அந்த அம்மா கேட்டார். சாவியை எங்கே வைத்துவிட்டுப் போனீர்கள் என்று நான் கேட்டபோது கணவர் முகம் மாறிவிட்டது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லோரும் வைக்கிற இடத்தில்தான் அவரும் வைத்தார். ஆனால் அந்த அம்மாவின் கேள்விக்குப் பிறகுதான் இதை எல்லோரிடமும் எடுத்துச் சொல்வது என் வேலையின் ஒரு பகுதி என்று முடிவு செய்தேன்.

இதற்கு என்னிடம் உள்ள வழி எளிது. சாவி போட்டுத் திருகி ஸ்டார்ட் செய்கிற கார் என்றால், ரிமோட் பட்டன் இல்லாத சிப் சாவி ஒன்றைக் கூடுதலாகச் செய்துகொள்ளுங்கள். சாவியின் தலையில் இருக்கும் சிப்புக்குப் பேட்டரி தேவையில்லை. காரின் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் சுருள் அனுப்புகிற அலையிலேயே அது உயிர் பெற்றுத் தன் எண்ணைச் சொல்லும். அந்த எண் பொருந்தினால்தான் எஞ்சின் கிளம்பும். நன்றாக அடைத்த சிப்பைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. அந்தச் சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டு பேரருவியில் தாராளமாக நிற்கலாம். பெண்கள் கழுத்துக் கயிற்றிலோ கைப்பட்டையிலோ கட்டிக்கொள்ளலாம். ரிமோட் உள்ள சாவி விடுதியிலோ வீட்டிலோ இருக்கட்டும். சிப் எண்ணைக் காரில் பதிய வேண்டும் என்பதால் சிறிது செலவு ஆகும். இழக்கிற ஒரு செல்போனின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிதில்லை.

பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்கிற காருக்கு இந்த வழி ஒத்துவராது. அதற்கு ஆள்தான் வேண்டும். இரண்டு அணியாகக் குளியுங்கள். ஒரு அணி கரையில் சாவியோடு இருக்கட்டும். பேரருவியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். குடும்பம் இரண்டாகப் பிரியும்போது சாவி அவரிடம் என்று இவர் நினைப்பார், இவரிடம் என்று அவர் நினைப்பார். யார் பொறுப்பு என்பதைக் காரிலிருந்து இறங்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். செல்போனுக்கென்று விற்கிற நீர்புகாப் பைகளை நம்பி ரிமோட்டை அருவிக்குள் கொண்டுபோக வேண்டாம். குளத்துக்கு அவை தாங்கலாம், குற்றால அருவி தலையில் விழுகிற வேகத்துக்குத் தாங்குவதில்லை.

பாலருவியில் நிலைமை இன்னும் கடினம். நம் வண்டியை நெடுஞ்சாலையை ஒட்டிய நுழைவிடத்தில் நிறுத்திவிட்டு, வனத்துறை வண்டியில்தான் அருவிக்குப் போக வேண்டும். வண்டி நம் கண்ணுக்கு எட்டாத தொலைவில் நிற்கும். எதையோ மறந்துவிட்டோம் என்று பாதியில் திரும்பி வரவும் முடியாது. அங்கே போகிறவர்கள் நகையையும் பணத்தையும் காரில் வைத்துவிட்டுப் போவதே தவறு. விடுதி அறையில் வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்தது, பூட்டினோம் என்று நினைத்துவிட்டுப் பூட்டாமல் போவது. அருவி இரைச்சலிலும் கடைகளின் பாட்டுச் சத்தத்திலும் சென்ட்ரல் லாக் விழுகிற ஓசை கேட்காது. பெரும்பாலான ரிமோட்டுகள் 433 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இயங்குகின்றன. அதே அலைவரிசையில் இரைச்சலை அனுப்பும் சிறு கருவியோடு ஒருவன் பக்கத்தில் நின்றால், நீங்கள் பட்டனை அழுத்தினாலும் காருக்குச் செய்தி போய்ச் சேராது. நடந்துகொண்டே முதுகுப் பக்கமாக ரிமோட்டை நீட்டி அழுத்துகிற பழக்கம் இருக்கிறதே, அதை இன்றைக்கே விட்டுவிடுங்கள். நின்று, அழுத்தி, விளக்கு மின்னுகிறதா என்று பார்த்து, கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். சில புதிய கார்களில் சாவி சட்டைப்பையில் இருந்தாலே, கைப்பிடியைத் தொட்டதும் கதவு திறந்துகொள்ளும். அந்த வகைக் காரில் இழுத்துப் பார்ப்பது பயன்படாது. பின்னால் வருவதைப் பார்க்கும் பக்கக் கண்ணாடிகள் மடங்கியதா என்று பாருங்கள், அல்லது சாவியைக் கூட வந்தவரிடம் கொடுத்துத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு இழுத்துப் பாருங்கள்.

சாவியை வெளியே எடுக்காமலே திறக்கும் கார்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. சாவி வீட்டுக்குள் இருந்தபடியே திருட முடியும். ஒருவன் அலைகளைப் பிடிக்கும் கருவியோடு சுவர் ஓரம் நிற்பான். இன்னொருவன் கார் அருகில் நிற்பான். இருவர் கருவியும் காருக்கும் சாவிக்கும் இடையே பேச்சைக் கடத்தும். சாவி பக்கத்திலேயே இருப்பதாகக் கார் நம்பித் திறந்துகொள்ளும், ஸ்டார்ட்டும் ஆகிவிடும். குற்றாலத்துத் தரைத்தள விடுதி அறைகளை நினைத்தால் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது. சன்னல் திண்டில் சாவி, சன்னலுக்கு வெளியே நாலு அடியில் கார். அலையைத் தடுக்கும் உலோக இழைப் பை கடைகளில் கிடைக்கிறது. வாங்கியதும் சோதித்துப் பாருங்கள்: சாவியைப் பைக்குள் போட்டு மூடி, கார்க் கதவருகே போய்க் கைப்பிடியைத் தொடுங்கள். கதவு திறந்தால் பை சரியில்லை. வீட்டில் எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைக்கிறேன் என்கிறவர்களும் இதே சோதனையைச் செய்துவிட்டு நம்பலாம். எதுவுமே இல்லாவிட்டால், சாவியைக் கார் நிற்கும் பக்கத்துச் சுவரிலிருந்து தள்ளி, அறையின் மறுகோடியில் வையுங்கள். தூரம் கூடக் கூட அவர்கள் வேலை கடினமாகும்.

பிரானூர் பார்டரில் நான் அடிக்கடி பார்த்து வயிறு கலங்குகிற காட்சி ஒன்று உண்டு. குழந்தை தூங்குகிறது, அல்லது பாட்டிக்கு இறங்க முடியவில்லை என்று எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டுவிட்டு, மற்றவர்கள் சாப்பிடப் போய்விடுகிறார்கள். சாவி காரிலேயே இருக்கிறது. கதவைத் திறந்து உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போவதற்கு ஒருவனுக்குப் பத்து நொடி போதும். குழந்தையும் சேர்ந்து போகும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பரோட்டாவைப் பார்சல் வாங்கிக்கொள்ளலாம், அல்லது ஓட்டத் தெரிந்த ஒருவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருக்கட்டும், முறை மாற்றிச் சாப்பிடலாம்.

கண்ணாடியை உடைத்து எடுப்பது வேறு வகை. அதற்குச் சாவி தேவையில்லை, அலாரம் ஊளையிட்டு முடிவதற்குள் பை போய்விடும். பக்கக் கண்ணாடி சின்னச் சின்னத் துண்டுகளாக நொறுங்கும்படி செய்யப்பட்டது. அதைப் பெரிய ஓசை இல்லாமல் உடைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இதற்கு ஒரே மருந்து, வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியக் கூடாது. லேப்டாப் பை மட்டும் அல்ல, காலிப் பையும் தெரியக் கூடாது. அது காலி என்று உடைக்கிறவனுக்குத் தெரியாது. சார்ஜர் ஒயர் தொங்கினால் போன் இருக்கிறது என்று நினைப்பான். பொருட்களை டிக்கியில் வைப்பதென்றால் கிளம்பும் இடத்திலேயே வைத்துவிடுங்கள். வந்து சேர்ந்த இடத்தில் டிக்கியைத் திறந்து, நான்கு பேர் பார்க்கப் பையை உள்ளே வைத்து மூடிவிட்டுப் போவது, பொருள் எங்கே இருக்கிறது என்று நாமே அறிவிப்பதுதான்.

கறுப்பு ஃபிலிம் ஒட்டித் தரச் சொல்லிக் கேட்பார்கள். 2012இல் உச்ச நீதிமன்றம் ஃபிலிமுக்குத் தடை போட்டது. பிறகு விதி திருத்தப்பட்டதைக் காட்டி, முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் ஒளி ஊடுருவினால் ஒட்டலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது. அந்த அளவில் ஒட்டினால் வெயில் கொஞ்சம் குறையும், பை மறையாது. திருட்டுக்கு அஞ்சி ஃபிலிம் ஒட்டுவதில் பயன் இல்லை என்பதால் நான் ஒட்டித் தருவதில்லை.

சபரிமலை சீசனில் திருட்டின் முகம் மாறுகிறது. வேன் ஓட்டி வருகிற தம்பிகள் இரவெல்லாம் கண்விழித்து ஓட்டிவிட்டு, நிலக்கல்லிலோ எருமேலியிலோ சன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டுத் தூங்குவார்கள். புழுக்கத்தில் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்? சாமிகள் எல்லோரும் மலைக்குப் போயிருப்பார்கள். அவர்களுடைய போனும் பணமும் வண்டியில் இருக்கும். தூங்குகிறவரின் தலைமாட்டிலிருந்தே போனை எடுத்துவிடுகிறார்கள். வாடகை வண்டியில் போகும் சாமிமார்களுக்கு நான் சொல்வது, உங்கள் பொருளுக்கு ஓட்டுநரைக் காவல் வைக்காதீர்கள். மலை இறக்கத்தில் உங்கள் எல்லோர் உயிரும் அவர் தூக்கத்தில் இருக்கிறது. அவர் நிம்மதியாகத் தூங்க வேண்டும். மலைக்கு எடுத்துப் போக முடியாததை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கவனத்தைத் திருப்பி எடுக்கிறவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "அண்ணே, வண்டியிலிருந்து ஆயில் ஒழுகுகிறது" என்று ஒருவன் சொல்வான். பார்த்தால் உண்மையாகவே பானெட்டில் ஆயில் வழியும். அவனே ஊற்றியதுதான். நீங்கள் இறங்கி பானெட்டைத் திறக்கும்போது, உயர்த்திய பானெட் உங்கள் கண்ணை மறைக்கும். மறுபக்கக் கதவு வழியாகப் பை போய்விடும். பத்து ரூபாய்த் தாள்களைக் கீழே போட்டு "உங்கள் பணமா?" என்று கேட்பதும் இதே வேலைதான். இறங்கியே ஆக வேண்டும் என்றால் எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்து, கதவுகளைப் பூட்டிவிட்டு இறங்குங்கள். ஆயில் ஒரு நிமிடம் ஒழுகினால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

இனி நான் பொருத்துவதும் பொருத்த மறுப்பதும். கியர் லாக்கை விரும்பிப் பொருத்துவேன். கண்ணுக்குத் தெரியும் தடை அது. பக்கத்தில் இன்னொரு கார் நிற்கும்போது திருடன் பூட்டில்லாத அந்தக் காரை நோக்கிப் போவான். எரிபொருள் பம்ப்பின் ரிலேயில் மறைவான சுவிட்ச் ஒன்று வைப்பதும் நல்ல வழி. அதற்குக் காரின் சொந்த ஒயரை வெட்டக் கூடாது. வெட்டினால் உத்தரவாதம் போகும், இணைப்பு தளர்ந்து நடுவழியில் நின்றாலும் நிற்கும். ஒயரை வெட்டாமல் இடையில் செருகி இணைக்கிற கப்ளர் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

ஜிபிஎஸ் வாங்குகிறவர்கள் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பரிசோதனை முனையில் செருகுகிற வகையை வாங்கி வந்துவிடுகிறார்கள். திருடன் முதலில் கை வைக்கிற இடம் அது. சொந்தப் பேட்டரி உள்ளதை உள்ளே மறைத்துப் பொருத்த வேண்டும். அப்போதும் ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்தக் கருவி செல்போன் சிக்னல் மூலம்தான் இடத்தைச் சொல்லும். மலைப் பாதையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். வண்டி எங்கோ நிற்கிறது என்று திரை காட்டும்போது அது வெகுதூரம் போயிருக்கலாம்.

போனிலிருந்து பட்டனை அழுத்தினால் ஓடுகிற எஞ்சினையே நிறுத்துகிற கருவியை மட்டும் எவ்வளவு கேட்டாலும் பொருத்த மாட்டேன். கோட்டைவாசலிலிருந்து புளியரைக்கு இறங்குகிற கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் நின்றால் பவர் ஸ்டியரிங் இறுகும், பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு தீர்ந்துபோகும். கருவி தவறாக வேலை செய்தால் ஓட்டுவது திருடனாக இருக்காது, உங்கள் மகனாக இருக்கலாம். எதிரே ஐயப்ப பக்தர்கள் நடந்து வந்துகொண்டிருக்கலாம். ஒரு காருக்காக அந்த ஆபத்தை நான் ஏற்க மாட்டேன். வண்டி நின்ற பிறகு மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் வகை இருக்கிறது, அது போதும். அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவி பொருத்தினால் சொந்தச் சேதக் காப்பீட்டுப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் தள்ளுபடி உண்டு. கேட்டு வாங்குங்கள்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு இந்தப் பகுதியைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். ஒரு சாவிதான் தருகிறார்கள் என்றால் இரண்டாவது சாவி உலகத்தில் எங்கோ இருக்கிறது, அதை வைத்திருப்பவருக்கு உங்கள் கார் திறக்கும், ஓடும். ஸ்கேனர் கருவியை இணைத்தால் காரின் நினைவில் எத்தனை சாவிகள் பதிவாகியிருக்கின்றன என்பது பல கார்களில் தெரியும். கையில் இல்லாத சாவிகளை நீக்கிவிட்டு, இருப்பவற்றை மட்டும் மறுபடி பதிய முடியும். வண்டியின் பெயர் மாற்றத்துக்கு அலைகிறவர்கள் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவதில்லை. சர்வீஸுக்கு விடும்போது சாவிக்கொத்தில் வீட்டுச் சாவியையும் சேர்த்துக் கொடுப்பதும் அதே அளவு ஆபத்து. உங்கள் முகவரி அவர்களுடைய ரசீதிலேயே இருக்கிறது.

பெரிய ஓட்டல்களில் சாவியை வாங்கி அவர்களே வண்டியை நிறுத்துவார்கள். சீட்டில் "வண்டி உரிமையாளர் பொறுப்பு" என்று அச்சடித்திருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1998இல் தில்லி ஓட்டல் ஒன்றில் அப்படிக் கொடுத்த மாருதி ஜென் திருடுபோன வழக்கில், 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஓட்டலைப் பொறுப்பாக்கியது: சாவியை வாங்கிக்கொண்ட பிறகு தன் கவனக்குறைவுக்கு அந்த வரியைக் காட்டி ஓட்டல் தப்பிக்க முடியாது. அந்தச் சீட்டைத் தொலைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டில் பலர் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. 2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்று ஆண்டுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். ஆனால் திருட்டுக்குப் பணம் தருவது சொந்தச் சேதக் காப்பீடு. அதைப் பெரும்பாலும் ஓர் ஆண்டுக்குத்தான் போட்டுத் தருகிறார்கள். பாலிசித் தாளில் மூன்று ஆண்டு என்று பார்த்துவிட்டு, இரண்டாம் ஆண்டு புதுப்பிக்காமல் விட்டவர்களை நான் அறிவேன். உங்கள் தாளை எடுத்து இரண்டு தேதிகளையும் இன்றே பாருங்கள். திருட்டுப்போனால் கிடைப்பது பாலிசியில் குறித்த மதிப்புத்தான். காருக்கு ஓர் ஆண்டு முடிந்து இரண்டு ஆகும்வரை 20 சதவீதம், நான்கு முடிந்து ஐந்து ஆகும்வரை 50 சதவீதம் என்று அந்த மதிப்பு கழியும். காருக்குள் இருந்த லேப்டாப், நகை, பணம் எதற்கும் சாதாரணக் கார் பாலிசி பொறுப்பேற்காது.

பணம் கேட்கப் போனால் நிறுவனம் முதலில் கேட்பது இரண்டு அசல் சாவிகளையும்தான். ஒன்று இல்லை என்றால் கேள்விக்கு மேல் கேள்வி வரும். ஆகவே, சாவி தொலைந்தால் அன்றே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். புதிதாகச் செய்த சாவிக்கும் ரசீது வையுங்கள். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கிய லாரி ஒன்றின் வழக்கில் 75 சதவீதம் தரும்படி 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் லாரி உரிமையாளர் அதற்காக உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

ஆர்.சி. புத்தகத்தையும் காரில் வைக்காதீர்கள். போனில் டிஜிலாக்கர் செயலியிலோ எம்பரிவாகன் செயலியிலோ காட்டினால் இரண்டு மாநிலத்திலும் செல்லும். அசல் ஆர்.சி.யோடு சேர்ந்து போன கார் விற்பதற்கு எளிது.

வண்டியோ பொருளோ போய்விட்டது என்று தெரிந்தால் முதலில் 112. எந்த மாநில எல்லையில் நடந்தது என்று குழம்பி நிற்க வேண்டாம். தென்மலையில் திருடுபோனதைச் செங்கோட்டையில் வந்து கண்டுபிடித்தால், செங்கோட்டை நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்யச் சொல்கிறது. பிறகு அதை உரிய நிலையத்துக்கு அவர்கள் அனுப்ப வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணம் இல்லாமல் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. புகாரைப் பதிவு செய்ய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். "அந்தப் பக்கம் போய்க் கொடு" என்று திருப்பி அனுப்பப்பட்டு, மலை ஏறி இறங்கிக் களைத்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரிவின் எண்ணைச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள். காவல் துறையில் உடனே புகார் கொடுத்திருந்தால், நிறுவனத்துக்குத் தெரிவிக்கத் தாமதமானது ஒன்றை மட்டும் காரணம் காட்டிப் பணத்தை மறுக்க முடியாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது.

போன் போயிருந்தால், கூட இருப்பவரின் போனிலிருந்து வங்கியை அழைத்து யுபிஐயை நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு சிம்மை முடக்குங்கள். பணம் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தால் இணைய மோசடிப் புகாருக்கான 1930ஐ அழையுங்கள். புகார் நகல் கிடைத்ததும் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்துப் போனையே முடக்கலாம். அந்த எண் போன் கையில் இருக்கும்போதுதான் எளிதில் கிடைக்கும்: *#06# என்று அழுத்தி, வருகிற எண்ணை வீட்டு நோட்டில் எழுதி வையுங்கள். பக்கத்திலேயே காரின் சேசிஸ் எண், எஞ்சின் எண்ணையும் எழுதுங்கள்.

கார் திரும்பக் கிடைத்தாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடாது. மலைக்கு அந்தப் பக்கம் பிடிபட்டால் அந்தப் பகுதி நீதிமன்றத்தில் மனுப் போட்டு, ஆர்.சி.யும் காப்பீடும் காட்டி, பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்து எடுக்க வேண்டும். வண்டிகளை நிலைய வாசலில் மாதக்கணக்கில் துருப்பிடிக்க விடாமல், புகைப்படம் எடுத்துவிட்டு உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 2002லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வழக்கறிஞரிடம் அதை நினைவுபடுத்துங்கள். ஓட்டி வரும் முன் பிரேக்கையும் டயரையும் ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வந்ததும் பூட்டுகளை மாற்றி, நினைவில் உள்ள எல்லாச் சாவிகளையும் அழித்துப் புதிதாகப் பதிய வேண்டும். எடுத்துப் போனவன் தனக்கென்று ஒரு சாவியைப் பதிந்திருக்கக்கூடும். ஸ்கேனர் உள்ள எந்தக் கடையிலும் இதைச் செய்வார்கள், என்னிடம்தான் வர வேண்டும் என்பதில்லை.